சபை ஊழியத்தின் வழியே வாலிபரைச் சீஷர்களாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபை ஒன்றில் வாலிபர் ஊழியத்தில் உதவி செய்து வருகிறேன். பெற்றோர், மூப்பர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், அப்புறம் வாலிபர்களே கூட, திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். வேறு சபைகளில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கும் பயன்படட்டும்.

"சீஷத்துவப் பயிற்சின்னா என்ன? வேதபாட வகுப்புதான் இருக்கே, அது போதாதா?"

வேதபாடம் கட்டாயம் வேண்டும். வசனம் தெரியாமல் ஊழியத்தில் ஓடுகிற பிள்ளை சீக்கிரமே வறண்டு போகும். ஆனால் மாற்கு 3:14ஐப் பாருங்கள். பன்னிரண்டு பேரும் தம்மோடு இருக்கவும் வேண்டும், பிரசங்கிக்க அனுப்பப்படவும் வேண்டும் என்றுதான் இயேசு அவர்களை ஏற்படுத்தினார். இரண்டும் ஒரே வசனத்தில் வருகின்றன. 6ஆம் அதிகாரத்தில் அவர்களை இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார். அவர்கள் திரும்பி வந்து, செய்தது, போதித்தது எல்லாவற்றையும் அவரிடம் சொல்கிறார்கள். உடனே அடுத்த வேலையைக் கொடுக்காமல், தனியிடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறச் சொல்கிறார்.

கூட இருப்பது, அனுப்பப்படுவது, திரும்பி வந்து பேசுவது, இளைப்பாறுவது. பயிற்சி என்று நான் சொல்வது இந்த நாலையும் சேர்த்துத்தான். நம் சபைகளில் அனுப்புவது மட்டும் தாராளமாக நடக்கிறது. நாற்காலி போட, பாட்டுப் பாட, பார்சல் கட்ட வாலிபரைக் கூப்பிடாத வாரமே இல்லை. அந்த வேலையைப் பற்றி அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள்தான் குறைவு. பேசாமல் விட்டால் அது பயிற்சி ஆகாது, சம்பளமில்லாத வேலையாகவே நின்றுவிடும்.

"எங்க சபை வேற மாதிரி. இதெல்லாம் எல்லாருக்கும் பொருந்துமா?"

பெயர்கள் மாறும், அடிப்படை மாறாது. ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து மாதா ஆலயம் போன்ற கத்தோலிக்கப் பங்குகளில் பீடச் சிறுவர்கள் இருப்பார்கள். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகளில் திடப்படுத்தல் வகுப்பு முடித்த பிள்ளைகள் இருப்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் துதி ஆராதனைக் குழு இருக்கும். எதுவானாலும் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?"

பெரியவர் ஒருவரோடு சேர்ந்து செய்கிற வேலை என்றால் தொடக்கப்பள்ளி வயதிலேயே தொடங்கலாம். சாமுவேல் ஏலியின் பக்கத்தில் பணிவிடை செய்தபோது சிறு பிள்ளைதான். கர்த்தர் கூப்பிட்ட குரல் அவனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, பக்கத்தில் இருந்த முதியவர்தான் சொல்லிக்கொடுத்தார். தனிப் பொறுப்பு என்றால் உயர்நிலை மூன்று, நான்கு (பதினைந்து, பதினாறு வயது) வரை பொறுத்திருப்பது நல்லது. வயதை விட, சொன்ன நேரத்துக்கு வருகிறானா, வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்கிறானா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

"என் மகன் வாராவாரம் திரையில பாட்டு வரி போடறான். இது சீஷத்துவமா, வெறும் டெக்னிக்கல் வேலையா?"

வேலையை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது. இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்ததைச் சொல்வேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தாருக்கு அவர்கள் கட்டிய மண்டபத்தால் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்து அதை அடைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பொறுப்பாளர்களை வைத்தார்கள். ஏழைகளால் கொடுக்க முடியாததைப் பொறுப்பாளரே போட வேண்டும். காசு வாங்க வாராவாரம் வீடு வீடாகப் போனவர்கள் அங்கே வாழ்க்கையையும் பார்த்தார்கள். ஒரு வீட்டில் கணவன் மனைவி சண்டை, இன்னொருவர் குடித்திருக்கிறார். போனவர்கள் வெஸ்லியிடம் வந்து சொன்னார்கள். இத்தனை காலம் தேடியது இதைத்தான் என்று அவருக்குப் பட்டது. சிறு குழுவாகக் கூடி ஒருவரை ஒருவர் விசாரிக்கும் மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

காசு வசூலிக்கிற வேலை மாறவில்லை. போனவர்கள் கண்டதைத் திரும்பி வந்து பேசியதும், அதற்கு ஒருவர் செவி கொடுத்ததும்தான் அதை வேறொன்றாக மாற்றின. உங்கள் மகனிடமும் யாராவது கேட்கட்டும்: "இன்னிக்குப் போட்ட பாட்டுல எந்த வரி உன்னை நிறுத்துச்சு? வரி தப்பா வந்தப்ப பாடகர் கோபமா பார்த்தாரே, உனக்கு எப்படி இருந்தது?" ஆராதனை முடிந்து பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் இல்லையென்றால், நீங்கள் பயப்படுகிறபடி அது டெக்னிக்கல் வேலைதான்.

"கூட நடக்க ஆள் எங்க? எங்க சபையில பெரியவங்களுக்கு மூச்சு விடவே நேரமில்லை."

சிங்கப்பூரில் இது நிஜமான தடை. ஷிப்ட் வேலை, வயதான பெற்றோர், பிள்ளைகளின் டியூஷன் என்று எல்லோருக்கும் சுமை இருக்கிறது. அதனால் புதிதாக ஒரு கூட்டத்தை ஏற்பாடு செய்யாதீர்கள். பெரியவர் ஏற்கெனவே செய்கிற வேலைக்குள் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நிற்கும் ஆன்ட்டியோடு ஒருத்தி, நோயாளிகளைப் பார்க்கப் போகிற அங்கிளோடு ஒருவன், காணிக்கை எண்ணுகிற பொருளாளரோடு ஒருவன். திரும்பும்போது எம்ஆர்டியில் அவர்கள் பேசிக்கொண்டு வருவதே பாதிப் பயிற்சி.

இதற்கு நன்றாகப் பிரசங்கம் செய்கிறவர்தான் வேண்டும் என்பதில்லை. அப்பொல்லோ பேச்சில் வல்லவர். அவரை அழைத்து, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் தெளிவாக விளக்கியவர்கள் கூடாரம் தைத்துப் பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் (அப்போஸ்தலர் 18). பெரிய படிப்பு இல்லாத, ஆனால் ஜெபத்தை விடாத தாத்தா பாட்டிகள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களை நாம் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறோம் என்பது என் ஆதங்கம்.

"திறமையைப் பார்த்து ஊழியம் கொடுக்கணுமா? என் மகள் நல்லா பாடுவா."

பாடட்டும். ஆனால் முதல் ஊழியமாக மேடையைக் கொடுக்காதீர்கள். கைதட்டலோடு தொடங்குகிற பிள்ளைக்குக் கைதட்டல் இல்லாத வேலை பிறகு கசக்கும். முதல் ஆறு மாதம் யாரும் கவனிக்காத ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். பந்தி முடிந்து மேசை துடைப்பது, வருகிற முதியவர்களுக்கு டாக்ஸி வரும்வரை துணை நிற்பது இப்படி ஏதாவது. அப்போஸ்தலர் 6இல் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருடைய வேலை விதவைகளுக்கு உணவு சரியாகப் போகிறதா என்று பார்ப்பது. அந்த ஏழு பேரில்தான் ஸ்தேவானும் பிலிப்பும் இருந்தார்கள்.

"பிள்ளைங்களுக்குத் தமிழே சரியா வரலை. தமிழ்ச் சபையில எப்படி ஊழியம் செய்வாங்க?"

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகள் அனைவரிலும், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. அப்படியிருக்க, பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஜெபிப்பதைக் குற்றமாகப் பார்ப்பதில் நியாயமில்லை. ஜெபத்தில் தடுக்கி விழும் ஒரு வாலிபனை எல்லோர் முன்னாலும் திருத்தினால் அவன் அடுத்த முறை வாய் திறக்க மாட்டான். அப்படி மௌனமாகிப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனம் வலிக்கும்.

அதே சமயம், தமிழை விட்டுவிடவும் வேண்டாம். வேத வாசிப்பை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். பெரியவர் ஒருவர் அவளோடு உட்கார்ந்து வாசித்துப் பார்க்கட்டும். பரிசுத்த வேதாகமத்தின் பழைய நடை கடினம் என்றால் எளிய மொழிபெயர்ப்பில் ஒரு முறை படித்து, பொருள் பிடித்த பிறகு வாசிக்கலாம். கூட இருப்பதற்கு இது நல்ல வாய்ப்பு.

இன்னொரு வழி, தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்து, நம் சபைக்கு வருகிற அண்ணன்மாரோடு சேர்ந்து ஊழியம் செய்வது. வாரத்தில் ஒரு நாள்தான் அவர்களுக்கு ஓய்வு, அதிலும் தங்கும் விடுதியிலிருந்து நீண்ட தூரம் பயணம் செய்து ஆராதனைக்கு வருகிறார்கள். நம் பிள்ளைகள் அவர்களுக்குப் படிவம் நிரப்பவும், கிளினிக்கில் ஆங்கிலம் பேசவும் உதவலாம். அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் ஜெபிக்கவும் கீர்த்தனை பாடவும் கற்றுக்கொடுப்பார்கள். நாங்கள் கொடுக்கிறோம், நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்ற தோரணை வந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இது பரீட்சை வருஷம். ஊழியத்தை நிறுத்திடலாமா?"

குறைக்கலாம், அறுத்துவிட வேண்டாம். இளைப்பாறுதலும் பயிற்சியின் பகுதி என்று முதல் பதிலில் சொன்னேன். பிள்ளையோடு பேசி, என்ன குறைப்பது, எப்போது திரும்புவது என்று தேதி போட்டுக்கொள்ளுங்கள். பொறுப்பு நின்றாலும், கூட நடக்கிறவரோடு பேசுவது மட்டும் நிற்க வேண்டாம். பயம் அதிகமாகும் மாதங்களில்தான் அந்தப் பேச்சு தேவை.

பெற்றோருக்கு ஒன்று. டியூஷனுக்கு ஞாயிறு காலை நேரம் கிடைத்ததும் ஆராதனையை விட்டுவிட்டால், எது முக்கியம் என்பதைப் பிள்ளை அன்றே கற்றுக்கொள்கிறது. பிற்பாடு நாங்கள் நடத்துகிற எந்த முகாமாலும் அதை எளிதில் மாற்ற முடியாது. பெரிய வேலைகளை ஜூன் விடுமுறைக்கும் ஆண்டிறுதி விடுமுறைக்கும் வையுங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அதுதான் சரியான காலம்.

"தேசிய சேவைக்குப் போயிட்டா எல்லாம் போச்சே?"

இரண்டு ஆண்டுகள். பலர் அந்த இடைவெளியில் நழுவுவது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளைச் சபை காலி இடமாக விட்டுவிடுவதால்தான் பெரும்பாலும் அப்படி நடக்கிறது. அடிப்படை ராணுவப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் தொடக்க வாரங்களில் வீட்டுக்கு விட மாட்டார்கள். அந்த வாரங்களில் ஒரு வாட்ஸ்அப் செய்தி, ஒரு வசனம், பதில் எதிர்பார்க்காமல் அனுப்புங்கள். பிறகு வார இறுதியில் வீட்டுக்கு வருவான், பலருக்கு ஞாயிறு இரவே முகாமுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். தூங்கி எழுந்து ஆராதனைக்கு வந்தாலே போதும், அவனிடம் கிட்டாரைத் திணிக்காதீர்கள்.

படுக்கை அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் நடுவில், பல மதத்தார் நடுவில், அவன் இயேசுவின் சீஷனாக வாழ்வதும் அனுப்பப்படுவதுதான். திரும்பி வந்து சொல்ல ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். ஏற்கெனவே தேசிய சேவை முடித்த அண்ணன் ஒருவர் இதற்குப் பொருத்தமானவர். அங்கே கெட்ட வார்த்தை பேசுவதும், வேலையைத் தட்டிக்கழிப்பதும், பலவீனமானவனைக் கேலி செய்வதும் எப்படி இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"இன்னும் விசுவாசத்துல நிலைப்படாத பிள்ளைக்கு ஊழியம் கொடுக்கலாமா?"

எந்த ஊழியம் என்பதைப் பொறுத்தது. நாற்காலி அடுக்க, உணவு பரிமாற, தாதிமை இல்லத்துக்குக் கூட வர யாரையும் அழைக்கலாம். கேள்விகளோடு இருக்கிற எத்தனையோ பேருக்கு இப்படிப்பட்ட வேலையின் நடுவில்தான் மனம் திறக்கிறது. கற்பிப்பது, ஆராதனை நடத்துவது, சிறியவர்களுக்குத் தலைவராக இருப்பது இவை வேறு. முன்பு சோதிக்கப்பட வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3:10 உதவிக்காரரைப் பற்றிச் சொல்கிறது. ஆள் பற்றாக்குறையில் அந்த வரம்பைத் தாண்டினால் கஷ்டம் அந்தப் பிள்ளைக்குத்தான். நம்பாததை நம்புவது போல மேடையில் நின்று பேசப் பழகிவிடும்.

"பெற்றோர் இந்துக்கள். பையன் மட்டும் நண்பனோட வர்றான். அவனையும் சேர்த்துக்கலாமா?"

அன்போடு வரவேற்கலாம், ஆனால் எதையும் ஒளித்துச் செய்யக்கூடாது. அவனுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால், எங்கே வருகிறான், என்ன செய்கிறான் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகாமுக்கும் வெளியூர் பயணத்துக்கும் அவர்களின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு ஜெபக்கூட்டத்துக்கு வா என்று எந்தத் தலைவரும் சொல்லக்கூடாது. பெற்றோரைக் கனம்பண்ணச் சொல்கிற கட்டளையை மீறிக்கொண்டு சீஷத்துவம் கற்பிக்க முடியாது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவன் குடும்பத்தோடு எப்படி நடந்துகொள்வது என்பதை, அவசரப்படாமல், அவனோடு உட்கார்ந்து யோசியுங்கள்.

"தாதிமை இல்லத்துக்குப் போறோம். அங்க இயேசுவைப் பத்திப் பேசலாமா?"

முதலில் அந்த இல்லத்தின் விதிகளைக் கேளுங்கள், கேட்டபடி நடங்கள். சிங்கப்பூரில் 1990இல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. மற்றவர்களின் நம்பிக்கையைத் தாழ்த்திப் பேசுவதற்கு இங்கே இடமே இல்லை. சட்டத்துக்கு அப்பால், எழுந்து போக முடியாமல் படுக்கையில் இருக்கிற ஒரு பாட்டியிடம் அவர் கேட்காததைப் பேசுவது அன்பாகாது.

கை பிடித்து உட்காருங்கள், அவர் கதையைக் கேளுங்கள், நகம் வெட்டிவிடுங்கள். கைம்மாறு எதிர்பாராமல் பணிவிடை செய்வதையே அங்கே கற்றுக்கொள்ள வேண்டும். "நீங்க ஏம்பா வர்றீங்க?" என்று அவரே கேட்டால், உண்மையான பதிலைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

"இதைப் பள்ளியில வி.ஐ.ஏ. மணி நேரமா காட்டலாமா?"

வி.ஐ.ஏ. என்பது பள்ளி மாணவர்கள் செய்யும் சமூக சேவைத் திட்டம். எது அதில் சேரும் என்பதைப் பள்ளிதான் முடிவு செய்யும், வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். ஆனால் சபை ஊழியத்தை மணிக்கணக்கோடு கலக்காமல் இருப்பதையே நான் விரும்புவேன்.

"ஒரு பெரியவர், ஒரு பிள்ளைன்னு சொல்றீங்க. பாதுகாப்புக்கு என்ன?"

இதைக் கேட்காத சபைதான் எனக்குக் கவலை. மேலே சொன்ன கூட நடக்கும் உறவு எல்லாமே மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நடக்க வேண்டும். உணவங்காடியில், சபைக் கூடத்தில், கதவு திறந்த அறையில். பெண் பிள்ளையோடு பெண், ஆண் பிள்ளையோடு ஆண். காரில் தனியாக ஏற்றிச் செல்வதும், பெற்றோருக்குத் தெரியாத குறுஞ்செய்திகளும் வேண்டாம். புதிதாக வந்தவரை உடனே சிறுவர் ஊழியத்தில் விடாமல், சபையில் சில காலம் அறியப்பட்ட பிறகே விடுங்கள். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை உடனே வீட்டில் சொல்லும்படி பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்ததைச் சொன்னால் நம்பிக் கேளுங்கள், சபையின் பெயர் கெடும் என்று மூடி மறைக்காதீர்கள். வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் என்று 24 மணி நேரமும் இயங்கும் தேசிய உதவி எண் 1800-777-0000. உடனடி ஆபத்து என்றால் 999. நாங்களே பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்கிற வழக்கம் இந்த விஷயத்தில் பாவம் என்றே சொல்வேன்.

"பொறுப்பைக் கொடுத்தோம், பாதியிலேயே விட்டுட்டுப் போயிட்டான். திரும்பச் சேர்க்கலாமா?"

யோவான் என்ற மாற்கு, பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் போய், பம்பிலியாவில் அவர்களை விட்டுப் போனவன். அவனைத் திரும்பச் சேர்ப்பதா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் பிரிவே வந்தது. பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு போனார். பின்னாளில், மாற்கு ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமுள்ளவன், அவனை அழைத்து வா என்று எழுதியது அதே பவுல் (2 தீமோத்தேயு 4:11). சேர்க்கலாம். ஆனால் ஏன் போனான் என்று முதலில் கேளுங்கள். கேட்டால் பல நேரம் காரணம் நம் பக்கம் இருக்கும்: தனியாக விட்டிருப்போம், அல்லது ஒருவன் தலையில் மூன்று பொறுப்பைக் கட்டியிருப்போம். சின்ன வேலையிலிருந்து மறுபடி தொடங்குங்கள், பழையதைச் சபை நடுவில் பேசாதீர்கள்.

"இவ்வளவு பயிற்சி கொடுத்தும் இருபது வயசுல பெரிய இங்கிலீஷ் சபைக்குப் போயிடறாங்க. என்ன பயன்?"

இந்த வருத்தம் எனக்கும் உண்டு. சின்னத் தமிழ்ச் சபையில் ஒரு கிட்டார் வாசிப்பவர் போனாலே ஆராதனை தடுமாறும். ஆனாலும், வேறு சபையில் கர்த்தரைச் சேவிக்கிற பிள்ளையை இழந்த பிள்ளையாக எண்ணக் கூடாது. இயேசு சீஷர்களாக்கச் சொன்னார், நம் சபையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஜெபித்து, கை வைத்து, நன்றாக அனுப்பிவையுங்கள். கோபத்தோடு அனுப்பினால், பாட்டியின் அடக்க ஆராதனைக்குக் கூட அவர்கள் கூச்சத்தோடு வர வேண்டியிருக்கும்.

அதோடு, ஏன் போகிறார்கள் என்று கேட்கத் துணிய வேண்டும். பாட்டும் விளக்கும் காரணமாக இருக்கலாம். ஆனால் "இங்க எங்களை வேலைக்குக் கூப்பிடறாங்க, முடிவெடுக்கும்போது கூப்பிடறதில்லை" என்ற பதிலும் வரும். சபைக் குழுவில் வாலிபர் ஒருவருக்கு உண்மையான குரல் கொடுங்கள். அவர் சொன்னது நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்றும் அவரிடம் சொல்லுங்கள்.

"நானே ஒரு வாலிபர் தலைவி. களைச்சுப் போயிட்டேன். ஊழியத்தை விட்டா கர்த்தர் கோபப்படுவாரா?"

இல்லைம்மா. சீஷர்கள் களைத்து வந்தபோது இயேசு என்ன சொன்னார் என்று முதல் பதிலில் இருக்கிறது. சாப்பிடக் கூட நேரமில்லாமல் இருந்தவர்களை அவர்தான் ஓய்வெடுக்க அழைத்தார். யாரும் உன்னைக் குற்றவாளியாக்கிப் பேசினால் அந்தப் பகுதியைக் காட்டு.

இன்றைக்கு ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். நீ நம்புகிற ஒரு அக்காவிடமோ போதகரிடமோ இப்படியே சொல்: "எனக்கு மூன்று மாதம் ஓய்வு வேண்டும், இந்த இரண்டு பொறுப்பையும் வேறு ஆளுக்கு மாற்றுங்கள்." தேதியைக் குறித்துக்கொள். வாட்ஸ்அப் குழு நிர்வாகத்தையும் அறைச் சாவியையும் ஒப்படைத்துவிடு, இல்லாவிட்டால் பெயருக்குத்தான் ஓய்வு. அந்த ஞாயிறுகளில் கடைசி வரிசையில் உன் அம்மாவோடு உட்கார்ந்து ஆராதி. தூக்கம் கெட்டு, அழுகை நிற்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் இருந்தால் பாலிகிளினிக் டாக்டரைப் பார். ஜெபத்தோடு மருந்தும் ஆலோசனையும் தேவைப்படுவது விசுவாசக் குறைவு இல்லை. மூன்று மாதம் முடிந்ததும் அதே அக்காவோடு உட்கார்ந்து, திரும்புவதா, எதற்குத் திரும்புவது என்று பேசுங்கள். ஒரே ஒரு பொறுப்போடு திரும்பினால் போதும்.